மூணு நிமிஷப் பொருத்தம்

ஆறு மாசம் முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் அனுப்பினான். "மாமா, கொஞ்சம் படிச்சுப் பார்த்துச் சொல்லுங்க. கடைசித் தேதிக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு" என்று கீழே ஒரு வரி.

அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஷிஃப்ட் இன்ஜினியர். டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. சேர்ந்து, படிப்பு முடிந்த கையோடு அங்கே வேலைக்குப் போனவன். நாலு வருஷம் ஆகிவிட்டது. இப்போது எம்.பி.ஏ. படிக்கணும் என்கிறான். நுழைவுத் தேர்வு எழுதிவிட்டான், மார்க்கும் மோசமில்லை. விண்ணப்பத்தில்தான் மாட்டிக்கொண்டான். எங்கள் கல்லூரிக்கு நீங்கள் எந்த வகையில் பொருத்தமானவர் என்று 500 வார்த்தைக்குள் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

அவன் எழுதியது ஆங்கிலத்தில். தப்பு எதுவும் இல்லை. சிறு வயதிலிருந்தே தனக்குத் தலைமைப் பண்பு இருந்ததாக ஆரம்பித்து, சவால்களை வாய்ப்பாகப் பார்ப்பவன், குழுவோடு சேர்ந்து உழைப்பவன், உலகளாவிய பார்வை கொண்டவன் என்று அழகாகப் போனது. படித்து முடித்ததும் இது யார் எழுதியது என்று கேட்டால் சொல்ல முடியாது. கும்மிடிப்பூண்டி என்ற பெயர் ஒரு இடத்திலும் இல்லை. ரோலிங் மில்லும் இல்லை. "ஒரு முன்னணி உற்பத்தி நிறுவனம்" என்று இருந்தது.

போன் போட்டுக் கேட்டேன். "ஏன்டா, மில்லைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல?"

"அதெல்லாம் எழுதினா லோக்கலா இருக்கும் மாமா."

இந்த ஒரு வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பொருத்தம் என்று அவர்கள் கேட்பது எதை? அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? யாரை உள்ளே விடுவதற்காக வந்தது, யாரை வெளியே நிறுத்துவதற்காக வந்தது? அந்த ரெண்டு வாரத்தில் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். அவனுக்கு நான் கடைசியில் சொன்ன யோசனையும் இதிலிருந்துதான் வந்தது.

ஜாதகம் எடுப்பதற்கு முன்னாடி

பொருத்தம் பார்க்கிறது என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது கல்யாணம். தினப் பொருத்தம், கணப் பொருத்தம் என்று ஜோசியர் பத்தும் பார்ப்பார். ஆனால் ஜாதகம் அவர் கைக்குப் போவதற்கு முன்பே என்ன சாதி, எந்த ஊர், என்ன வசதி, பையன் என்ன சம்பளம் என்பதெல்லாம் பேசி முடித்திருப்பார்கள். நிஜமான சல்லடை முன்னாடியே சலித்துவிடும். பத்துப் பொருத்தம் அதற்கு அப்புறம்தான்.

கல்லூரிச் சேர்க்கையில் பொருத்தம் பார்த்த கதையும் கிட்டத்தட்ட இதே மாதிரி ஆரம்பித்தது. அமெரிக்காவில், 1920களில்.

அதுவரை ஹார்வர்டு போன்ற இடங்களில் சேர முக்கியமாகத் தேர்வில் தேறினால் போதும். 1922 வாக்கில் ஹார்வர்டு மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர்கள். பெரும்பாலும் குடியேறி வந்த குடும்பத்துப் பிள்ளைகள், நன்றாகப் படித்துத் தேர்வில் ஜெயித்து வந்தவர்கள். அப்போதைய தலைவர் லாரன்ஸ் லோவல், யூத மாணவர்களுக்கு ஒரு உச்சவரம்பு வைக்கலாம் என்று வெளிப்படையாகவே முயன்றார். எதிர்ப்பு கிளம்பியது, அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. 1926-ல் வேறு வழி வந்தது. இனி மார்க் மட்டும் போதாது, விண்ணப்பிப்பவரின் குணநலனையும் பார்ப்போம் என்றார்கள். குணநலனை யாராலும் எண்ணிப் பார்க்க முடியாது, அதனால் கேள்வியும் கேட்க முடியாது. சொல்லாமலே எண்ணிக்கை குறைந்தது. ஜெரோம் கேரபெல் என்ற சமூகவியலாளர் 2005-ல் வெளியிட்ட 'தி சோஸன்' என்ற புத்தகம் இந்தக் கதையை விரிவாகச் சொல்கிறது. சேர்க்கைக் குழு விண்ணப்பதாரரின் ஆளுமையைப் பார்ப்பது என்ற, இன்று உலகமெல்லாம் சாதாரணமாகிவிட்ட வழக்கத்தின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

பிசினஸ் ஸ்கூல்களும் இதே காற்றில் வளர்ந்தவைதான். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆரம்பித்தது 1908-ல். அங்கே ரெண்டு வருட எம்.பி.ஏ. வகுப்பில் பெண்கள் முதல் வருடத்திலேயே நேரடியாகச் சேர முடிந்தது 1963-ல்தான். ஐம்பத்தைந்து வருஷம் ஒரு பெண்கூடப் பொருந்தவில்லை என்று அர்த்தமா? கேள்வியே அவர்களைப் பார்த்துக் கேட்கப்படவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு முயற்சியும் நடந்தது. எல்லோருக்கும் ஒரே தேர்வு வைத்து ஒரே அளவுகோலால் அளக்கலாம் என்று சில பிசினஸ் ஸ்கூல்கள் சேர்ந்து 1954-ல் ஒரு பொதுத் தேர்வை நடத்தத் தொடங்கின. இன்று ஜிமேட் என்று நாம் சொல்வது அதன் வாரிசு. 1976-ல்தான் அந்தப் பெயர் வந்தது. ஆக, ஒரு பக்கம் மார்க், இன்னொரு பக்கம் ஆள். ரெண்டுக்கும் நடுவே இழுபறி. நூறு வருஷமாக அது ஓயவில்லை. 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹார்வர்டு வழக்கிலும் இதுவே ஒரு முக்கிய வாதம். ஆசிய அமெரிக்க மாணவர்களுக்குப் படிப்பில் நல்ல மதிப்பெண் இருந்தும், ஆளுமை மதிப்பீட்டில் சராசரியாகக் குறைவாகவே விழுந்தது என்று வழக்குப் போட்டவர்கள் காட்டினார்கள். பாரபட்சம் இல்லை என்று ஹார்வர்டு மறுத்தது. நம்ம ஊர்ப் பிள்ளைகளும் அடங்கிய கூட்டத்தைப் பற்றிய விவாதம் அது என்பதை மட்டும் கவனிக்கணும்.

75 மார்க்

அமெரிக்கா வரை போகவே வேண்டாம். நம்ம வீட்டிலேயே இந்தக் கதை ஒன்று இருக்கிறது. பிசினஸ் ஸ்கூல் இல்லை, மருத்துவக் கல்லூரி. ஆனால் கேள்வி அதே கேள்வி.

1970-ல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு மொத்தம் 275 மார்க். பாடங்களுக்கு 200, நேர்காணலுக்கு 75. நேர்காணலில் விளையாட்டு, என்.சி.சி., பொதுத்திறன், நாட்டம் என்றெல்லாம் பார்க்கணும் என்று விதி. ஆனால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் போடவில்லை. மொத்தமாக ஒரு மார்க். இடம் கிடைக்காதவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்பது வழக்கின் பெயர். சராசரியாக ஒரு மாணவருக்கு நேர்காணல் நடந்தது மூன்று நிமிடம் என்பது நீதிமன்றத்தில் மறுக்கப்படவில்லை. மூன்று நிமிடத்தில் ஒருவரின் திறனை எடைபோட முடியாது, 275-ல் 75 என்பது பார்த்தவுடனே அதிகமாகத் தெரிகிறது என்று நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில் பிற்படுத்தப்பட்டோருக்கான இட ஒதுக்கீடு செல்லும் என்றும் சொன்னது. இந்த ரெண்டையும் சேர்த்துப் படிக்கணும்.

பத்து வருஷம் கழித்து அஜய் ஹாசியா வழக்கு. காஷ்மீர் ஸ்ரீநகரில் இருந்த மண்டலப் பொறியியல் கல்லூரி. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. அங்கேயும் ஒரு ஆளுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான். அந்த நேரத்திலும் கேட்டது என்னவென்றால் அப்பா அம்மா யார், வீடு எங்கே. உச்ச நீதிமன்றம் இந்த முறையைக் கண்டித்தது. மொத்த மதிப்பெண்ணில் 15 சதவீதத்துக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது நியாயமில்லை என்றது. நேர்காணலை டேப்பில் பதிவு செய்து வைப்பது நல்லது என்றும் யோசனை சொன்னது. நேர்காணலே கூடாது என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. அதற்கு ஒரு இடம் உண்டு, ஆனால் அது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடக் கூடாது என்பதுதான் சாரம்.

அப்பா என்ன பண்றார் என்ற கேள்வி எனக்கும் தெரியும். 90களின் நடுவில் சென்னையில் ஒரு கல்லூரிக்கு எம்.பி.ஏ. நேர்காணலுக்குப் போயிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். "அப்பா என்ன செய்கிறார்?" தீப்பெட்டிக் கம்பெனியில் மெஷின் ஆப்பரேட்டர் என்றேன். "வீடு எங்கே?" திருவொற்றியூர் என்றேன். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார்கள். லைப்ரரியில் தமிழ் நாவல் படிப்பேன் என்றேன். ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான், அடுத்த ஆள். இடம் கிடைக்கவில்லை. எனக்கு வேறு குறைகளும் இருந்திருக்கும், அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது மனசில் ஓடியது, நாவல் என்று சொல்லாமல் டென்னிஸ் என்று சொல்லியிருக்கலாமோ என்பதுதான். முப்பது வருஷம் கழித்து அக்கா பையன் "லோக்கலா இருக்கும்" என்றபோது எனக்கு அந்த பஸ் ஸ்டாப்தான் ஞாபகம் வந்தது.

ஒரு பக்கத்துக் கதை

இது வரைக்கும் படித்தால் பொருத்தம் என்பதே ஒரு ஏமாற்று வேலை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இன்னொரு வரலாறும் இருக்கிறது.

1919-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலுக்கு டீனாக வந்தவர் வாலஸ் டோனம். சட்டம் படித்தவர். சட்டக் கல்லூரியில் வழக்குகளை வைத்துப் பாடம் நடத்துவது போல, வியாபாரத்தையும் நிஜச் சம்பவங்களை வைத்து நடத்தலாம் என்று நினைத்தார். 'கேஸ்' முறை என்று இன்று சொல்வது அப்படித்தான் பரவியது. முதல் கேஸ் 1921-ல் எழுதப்பட்ட 'ஜெனரல் ஷூ கம்பெனி'. ஏறக்குறைய ஒரே பக்கம். பிரச்சினை என்ன தெரியுமா? ஒரு செருப்புத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிவதற்கு முன்னாடியே தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். ஏன்? என்ன செய்யலாம்?

இந்த முறையில் வாத்தியார் விடையைச் சொல்லமாட்டார். வகுப்பில் இருப்பவர்கள் பேசணும். ஒருத்தர் கணக்குப் பார்த்தவர், ஒருத்தர் விற்பனையில் இருந்தவர், ஒருத்தர் பட்டாளத்திலிருந்து வந்தவர். ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து பார்ப்பார்கள், அந்தப் பேச்சுதான் பாடம். அதாவது பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்தான் பாதிப் புத்தகம். அப்படியென்றால் யாரைச் சேர்க்கிறோம் என்பது கல்லூரிக்கு நிஜமாகவே முக்கியம். நூறு பேரும் ஒரே மாதிரி படித்து, ஒரே மாதிரி கம்பெனியில் இருந்து, ஒரே மாதிரி பேசினால் அந்த வகுப்பு செத்துப்போகும்.

இங்கேதான் பொருத்தம் என்ற சொல்லுக்கு ஒரு நேர்மையான அர்த்தம் கிடைக்கிறது. எங்களை மாதிரியே இருக்கிறாயா என்பது பழைய சல்லடை. நீ வந்து உட்காராவிட்டால் இந்த வகுப்பு எதைக் கேட்காமல் போய்விடும் என்பது வேறு கேள்வி. விண்ணப்பத்தில் ரெண்டும் ஒரே வார்த்தையில்தான் வரும். எந்தக் கல்லூரி எதைக் கேட்கிறது என்பதை நாம்தான் கண்டுபிடிக்கணும்.

இந்த முறை இந்தியாவுக்கும் வந்தது. 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். தொடங்கினார்கள். கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி.யின் ஸ்லோன் ஸ்கூல் துணை, அகமதாபாத்துக்கு ஹார்வர்டு துணை. அகமதாபாத் கேஸ் முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. அங்கே முதுநிலைப் படிப்பில் முதல் வகுப்பு சேர்ந்தது 1964-ல்.

பேட்டரி ஆலையிலிருந்து ஒருவர்

அந்த முதல் வகுப்பில் மெட்ராஸிலிருந்து போன ஒருவர் சி.கே. பிரகலாத். 1941-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர், லயோலா கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். 19 வயதில் யூனியன் கார்பைடின் மெட்ராஸ் பேட்டரி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். எவரெடி கம்பெனி என்றால் வடசென்னைக்காரர்களுக்குத் திருவொற்றியூர் ஹை ரோடுதான் ஞாபகம் வரும். நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு அகமதாபாத் போனார். பின்னாளில் ஹார்வர்டில் டாக்டர் பட்டம், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை. கேரி ஹேமலோடு சேர்ந்து 1990-ல் எழுதிய 'கோர் காம்பிடென்ஸ்' கட்டுரையை இன்றைக்கும் எம்.பி.ஏ. மாணவர்கள் படிக்கிறார்கள். 2004-ல் வந்த புத்தகத்தில், ஏழைகளை வாடிக்கையாளர்களாக மதித்து நடத்தும் தொழில்களைப் பற்றி எழுதினார். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அதில் ஒரு முக்கிய உதாரணம். 2010-ல் காலமானார். இத்தனை உயரம் போன பிறகும், தன் வாழ்க்கையின் பெரிய திருப்பம் என்று அந்த பேட்டரி ஆலை நாட்களைச் சொன்னார்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ட்ரெயினில் வருபவர்களுக்கு இந்த நிலப்பரப்பு பழக்கம். பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு தாண்டினால் எண்ணூர். 1948-ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-ல் அசோக் லேலண்டாக மாறிய கம்பெனியின் ஊர். அப்புறம் தீப்பெட்டிக் கம்பெனியின் பெயரையே வைத்துக்கொண்ட விம்கோ நகர். அடுத்து, 1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர். மேற்கே போனால் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை. 1998-ல் லான்சர் கார் அங்கேதான் வந்தது. மண் வாரும் இயந்திரப் பிரிவு பின்னால் கேட்டர்பில்லர் கைக்குப் போனது. எழுபது வருஷத்துக்கும் மேலாகத் தொழிற்சாலை என்றால் என்ன என்பதைக் கையால் தெரிந்துகொண்ட பகுதி இது. லோக்கல் என்று இதைத்தான் அவன் மறைக்கப் பார்த்தான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லணும். பிரகலாத் ஒரு நீதிபதியின் பிள்ளை. லயோலாவில் படித்தவர். பேட்டரி ஆலையில் வேலை பார்த்தவர் என்பதற்காக அவரைக் காட்டி "நீயும் ஆகலாம்" என்று ஐ.டி.ஐ. படித்த பையனிடம் சொன்னால் அது பொய். ஆலைக்குள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் எல்லோருக்கும் ஒன்றில்லை. இன்றைக்கு முன்வரிசை ஐ.ஐ.எம்.களில் ரெண்டு வருஷக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. யார் உள்ளே உட்காருகிறார்கள் என்பது மாறியதில், கட்டுரைகளையும் நேர்காணல்களையும் விடச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஓ.பி.சி. 27 சதவீத இட ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சொன்ன பிறகுதான் ஐ.ஐ.எம். வகுப்பறையின் முகம் கணிசமாக மாறத் தொடங்கியது.

ஐம்பது டாலர் சூட்

இன்னொரு மெட்ராஸ் கதையும் இதில் சேரும். இந்திரா நூயி. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி, அப்புறம் ஐ.ஐ.எம். கல்கத்தா. கொஞ்ச நாள் இங்கே வேலை பார்த்துவிட்டு 1978-ல் யேல் பல்கலைக்கழகம் போனார். அங்கே மேனேஜ்மென்ட் பள்ளி தொடங்கி ரெண்டே வருஷம். தனியார் நிர்வாகத்தையும் பொது நிர்வாகத்தையும் சேர்த்துச் சொல்லித்தரும் இடம் என்பதுதான் அதன் தனி அடையாளம்.

அங்கே கோடை கால வேலைக்கான நேர்காணலுக்கு ஏறத்தாழ 50 டாலர் கொடுத்து ஒரு சூட் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். அளவு சரியில்லை. எல்லோரும் பார்த்தார்கள், இவருக்கு அவமானமாகப் போய்விட்டது. வேலை தேட உதவும் அலுவலர், இந்தியாவில் இருந்தால் என்ன உடுத்துவாய் என்று கேட்டிருக்கிறார். புடவை என்று சொன்னதும், அடுத்ததுக்கு அதையே கட்டிக்கொண்டு போ என்றாராம். அடுத்த நேர்காணலுக்குப் புடவையில் போனார், பூஸ் ஆலன் கம்பெனியில் வேலை கிடைத்தது. இதை அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையை உன்னை மாதிரியே இரு, எல்லாம் நடக்கும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ரெண்டு பெரிய கல்லூரிப் பட்டம் கையில் இருந்ததால்தான் புடவை அங்கே அழகாகத் தெரிந்தது. ஆனால் ஒன்று உண்மை. அளவு சேராத சூட்டில் யாருக்கும் பேச்சு வராது. அக்கா பையன் எழுதிய கட்டுரை அந்த மாதிரி ஒரு சூட்தான். கடையில் தொங்கியது, எல்லோரும் போடுவது.

தண்ணி மோட்டார்

ரெண்டாவது வாரம் அவன் லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். நான் ஜெனரல் ஷூ கம்பெனி கதையைச் சொன்னேன். ஷிஃப்ட் முடியறதுக்கு முன்னாடியே கையை நிறுத்திடறாங்க, ஏன், அதுதான் கேள்வி, 1921-ல் என்றேன். அவன் சிரித்துவிட்டான்.

"மாமா, இது எங்க பி ஷிஃப்ட் கதை."

மதியம் ரெண்டு மணியிலிருந்து ராத்திரி பத்து வரை பி ஷிஃப்ட். ஒன்பதரை ஆனால் உலையிலிருந்து பில்லெட் வெளியே வருவது குறைந்துவிடும். உலை மட்டும் எரிந்துகொண்டிருக்கும், எரிபொருள் வீண். மேலே இருப்பவர்கள் சூப்பர்வைசரைத் திட்டுவார்கள், சூப்பர்வைசர் ஆட்களைத் திட்டுவார். ஆட்கள் பெரும்பாலும் ஒடிசா, பீகார். கான்ட்ராக்டர் பிடித்துக் கொடுத்த ரூமில் பத்துப் பன்னிரண்டு பேராகத் தங்கியிருப்பவர்கள். இவன் அவர்களோடு டீ குடித்து, அரைகுறை இந்தியில் பேசிப் பார்த்திருக்கிறான். விஷயம் மில்லில் இல்லை, ரூமில். ரூம் ஓனர் தண்ணி மோட்டாரை ராத்திரி பத்தரைக்கு நிறுத்திவிடுவார். உலைப் பக்கம் எட்டு மணி நேரம் நின்றவன் குளிக்காமல் படுக்க முடியாது. முதலில் போகிறவனுக்குத்தான் தண்ணி. அதனால் ஒன்பதரையிலிருந்தே எல்லோர் கண்ணும் கேட்டில்.

இவன் கான்ட்ராக்டரையும் ரூம் ஓனரையும் உட்காரவைத்துப் பேசி, மோட்டாரைப் பதினொன்றரை வரை ஓடவிடச் செய்தான். கரண்ட் செலவை மில் கொடுத்தது. ரெண்டு வாரத்தில் கடைசி அரை மணி நேர உற்பத்தி சரியாகிவிட்டது.

"இதை ஏன்டா எழுதல?"

"இது மேனேஜ்மென்டா மாமா? மோட்டார் ஓட்டச் சொன்னேன், அவ்வளவுதான்."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஹார்வர்டின் முதல் கேஸும் இவன் பி ஷிஃப்டும் ஒரே கேள்வி. அவர்கள் அதை எழுதிவைத்தார்கள். இவன் வெட்கப்பட்டு மறைத்தான்.

அப்புறம் உட்கார்ந்து வேலையைப் பார்த்தோம். முதலில் பண்புப் பெயர்களையெல்லாம் அடித்தோம். தலைமைப் பண்பு உண்டு என்று எழுதுவதற்குப் பதில், நடந்தது என்ன, அவன் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன என்று எழுதச் சொன்னேன். செய்யாமல் விட்டதும் வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களின் ரூம் நிலைமை இன்னும் மோசம்தான், அதை மாற்ற அவன் கையில் அதிகாரம் இல்லை, எப்படி மாற்றுவது என்றும் தெரியவில்லை. அதுதான் அவன் படிக்கப் போவதற்கான காரணம். அதையும் எழுது என்றேன். எல்லாம் தெரிந்தவன் எதற்குக் காலேஜுக்கு வரணும்?

அடுத்தது கல்லூரிப் பக்கம். இணையதளத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் பெருமைகளைத் திருப்பி அவர்களிடமே ஒப்பிக்காதே என்றேன். ரெண்டாம் வருஷப் பாடப் பட்டியலை எடுத்துப் படித்தான். ஆலை நிர்வாகம், தொழிலாளர் உறவு பற்றி என்ன சொல்லித்தருகிறார்கள் என்று பார்த்தான். வகுப்பில் யார் யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று அவர்களே வெளியிடும் கணக்கைப் பார்த்தான். படித்து முடித்த ஒருத்தரைத் தேடிப் பிடித்துப் பேசினான். அவன் விண்ணப்பிக்க நினைத்த மூன்றில் ஒன்றை இப்படித்தான் கைவிட்டான். பாடமெல்லாம் வங்கி, நிதி, ஆலோசனை வேலை. "அங்க எனக்கு வேலை இல்ல மாமா" என்றான். பொருத்தம் ரெண்டு பக்கமும் பார்க்கிற விஷயம் என்பது அவனாகக் கண்டுபிடித்தது.

எங்கோ தூரத்தில்தான் இதெல்லாம் இருக்கு என்றும் நினைக்க வேண்டாம். 1970-ல் சென்னையில் தொடங்கிய ஐ.எஃப்.எம்.ஆர்., இப்போது கிரியா பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூலாக ஸ்ரீசிட்டியில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் தாண்டி, மாநில எல்லையைக் கடந்தால் பக்கம். சிப்காட் கேட்டில் ஷிஃப்ட் முடிந்து நிற்கும் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது வேறு விஷயம்.

கட்டுரை 480 வார்த்தையில் முடிந்தது. முதல் வரியில் கும்மிடிப்பூண்டி வந்தது, ரெண்டாவது வரியில் பில்லெட். ஆங்கிலம் முன்பு இருந்ததைவிடச் சாதாரணம், ஆனால் அவன் குரல் கேட்டது.

ரெண்டு கல்லூரிக்கு அனுப்பினான். ஒன்று முடியாது என்று சொல்லிவிட்டது, காரணம் சொல்லவில்லை. இன்னொன்று நேர்காணலுக்குக் கூப்பிட்டது. போன வாரம் போய்விட்டு வந்தான். ராத்திரி போன் பண்ணினான்.

"எவ்வளவு நேரம்டா?"

"இருபது நிமிஷம் மாமா. அப்பா என்ன பண்றார்னு ஒருத்தர் கேட்டார். லாரி டிரைவர்னு சொன்னேன். சரின்னுட்டு அடுத்ததுக்குப் போயிட்டார். மீதி நேரமெல்லாம் தண்ணி மோட்டார்தான். கரண்ட் காசை மில் ஏன் கொடுக்கணும், ரூம் ஓனர் ஏன் ஒத்துக்கிட்டார், அடுத்த வருஷம் கான்ட்ராக்டர் மாறினா என்ன ஆகும்னு மாத்தி மாத்திக் கேட்டாங்க. கடைசிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னு சொல்லிட்டேன்."

ரிசல்ட் இன்னும் வரவில்லை. நாளைக்கு அவனுக்கு ஏ ஷிஃப்ட், காலை ஆறு மணிக்கு மில்லில் இருக்கணும்.